வேறு வண்டியின் பிஸ்டன்

செண்பகராஜின் வண்டிக்குப் பிஸ்டன் உடைந்தது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஐப்பசியில். அந்த வண்டியைச் செய்துகொண்டிருந்த வடநாட்டுக் கம்பெனியை நாலு வருஷத்துக்கு முன்னாலேயே இழுத்து மூடிவிட்டார்கள்.

கம்பெனி மூடிய சேதி கோவில்பட்டிக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. எட்டயபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த சாமித்துரைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ரிங் கேட்டால் மதுரைக் கடைக்காரர் அடுத்த வாரம் என்றார். கேபிள் கேட்டால் அடுத்த மாசம் என்றார். பிறகு ஒருநாள், “அந்த வண்டிய இன்னுமா ஓட்டுறாங்க?” என்று கேட்டுச் சிரித்தார். அதன்பின் சாமித்துரை தன்னிடம் வரும் அந்த ரக வண்டிக்காரர்களிடம், “வித்துருங்க, இல்ல பொத்திப் பொத்தி வச்சு ஓட்டுங்க” என்று சொல்ல ஆரம்பித்தான். ஏழெட்டுப் பேர் விற்றார்கள். செண்பகராஜ் விற்கவில்லை.

அவர் ஆட்டு வியாபாரி. நல்லமுத்தன்பட்டிக்காரர். கிடை போட்டிருக்கும் காடுகளுக்கெல்லாம் போய், ஆட்டின் முதுகைத் தடவி எடை சொல்லி வாங்கி, சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குக் கொண்டுபோவார். முன்னால் டேங்கின் மேல் ஒரு கிடா, பின்னால் கேரியரில் கால் கட்டிய ரெண்டு குட்டி. பதினாறு வருஷம் அந்த வண்டிதான் சுமந்தது. கறுப்பாக, கனமாக, யாரையும் சட்டை செய்யாமல் போகும் அதற்கு ஊரில் ‘எருமை’ என்று பேர்.

கரிசல் காட்டில் வண்டி ஓட்டுவது எளிதல்ல. கோடையில் புழுதி, மாவு மாதிரி எழும்பி இஞ்சினுக்குள் போகும். மழை பெய்தாலோ மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. செண்பகராஜ் சீட்டுக்கு அடியில் ஒரு கருவேலங்குச்சி செருகி வைத்திருப்பார். கூப்பிடு தூரத்துக்கு ஒருதரம் இறங்கி நோண்டுவார், ஏறுவார். அந்த ஐப்பசியில் உளுந்தும் பாசியும் முளைத்து நின்ற காடுகளுக்கு ஊடே முதல் கியரிலேயே நாலு மைல் இழுத்துக்கொண்டு வந்தபோதுதான் பிஸ்டன் உடைந்தது.

மூன்று வாரம் வண்டி பட்டறையில் கிடந்தது. செண்பகராஜ் ஒன்றுவிட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்து, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்திருப்பார்.

“மதுரைல என்னப்பா சொல்லுதான்?”

“கோயம்புத்தூர்ல ஒருத்தர்ட்ட பழைய சரக்கு இருக்காம் அண்ணாச்சி. சொல்லி வச்சிருக்காக. வந்தா பார்சல்ல போட்டுவிடுதேன்னு சொன்னாக.”

“எப்ப வரும்?”

“அதான் தெரியல. புது வண்டி ஒண்ணு பாக்கலாம்லா?”

“புது வண்டியெல்லாம் தகரம்டா. ரெண்டு கிடாயத் தூக்கி வச்சா முன்சக்கரம் அந்தரத்துல நிக்கும். வண்டி இல்லாம மூணு சந்தைய விட்டுட்டேன். அடுத்ததையும் விட்டா ஆட்டுக்காரவுக வேற யாவாரிட்ட போயிருவாக.”

சில நாள் அவர் மனைவி பாலம்மாளும் கூட வருவாள். வரும்போது சாமித்துரைக்கும் சேர்த்து ஒரு தூக்குவாளியில் கம்மஞ்சோறும் கொள்ளில் அரைத்த காணத்துவையலும் கொண்டுவருவாள். பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. டீசல் வாடை பட்டாலே குமட்டும். இறங்கி வந்து பட்டறை ஓரத்து வேப்பமரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பேசுவாள்.

நாலாவது வாரம் சாமித்துரை ஒரு முடிவுக்கு வந்தான். வேறு கம்பெனி வண்டியின் பிஸ்டன் ஒன்று கிட்டத்தட்ட அதே அளவில் கிடைத்தது. ஒரு நூல் பெரிசு. லேத் பட்டறையில் கொடுத்து சிலிண்டரை அதற்குத் தக்கபடி கடைந்து, பிஸ்டனைக் கோக்கிற பின்னுக்கு வெண்கலத்தில் வளையமாக ஒரு புஷ் போட்டால் உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு சந்தேகம் அவனுக்கு இருந்தது. சூடேறினால் அந்தப் பிஸ்டன் எவ்வளவு விரியும் என்பது அது பிறந்த வண்டிக்குத் தெரியும். இந்த வண்டியில் அது எப்படி விரியும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஒரு உத்தேசமாக இடைவெளி விட்டுக் கடையச் சொன்னான்.

கார்த்திகை பிறந்த ரெண்டாம் நாள் வண்டி தயாரானது. காலையில் சாமித்துரை தானே இனாம்மணியாச்சி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சத்தம் மணி மாதிரி இருந்தது. மத்தியானம் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள்.

“அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கிடுங்க. பிஸ்டன் பழகி உக்கார ஐந்நூறு கிலோமீட்டர் ஓடணும், அது முடியுற வரைக்கும் நாப்பதுக்கு மேல போகக் கூடாது. டபுள்ஸ் வேண்டாம். கிடாயும் வேண்டாம்.”

“கிடாயும் வேண்டாமா? பெறகு நான் எதுக்குடா ஓட்டணும்?” என்று சிரித்துவிட்டு, செண்பகராஜ் கேனை எடுத்துக்கொண்டு எதிர்த்தாற்போல் இருந்த பங்க்குக்குப் பெட்ரோல் வாங்கப் போனார்.

அப்போதுதான் பாலம்மாள் கேட்டாள். வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்து, வண்டியின் சீட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“தம்பி, நான் பின்னால உக்காந்து போகலாமா? நாளன்னைக்கு ஒரே ஒரு நாள். கடம்பூர்ல மக வீடு வரைக்கும்தான்.”

“பாப்பாவப் பாக்கவா மதினி?”

“ஆமா. இசக்கிசெல்விக்கு ஏழு மாசம். எள்ளுருண்ட வேணும்னு போன்ல கேட்டா. இடிச்சு வச்சிருக்கேன். பஸ்ல ரெண்டு மாறணும். போயிச் சேருததுக்குள்ள எனக்கு உசுரே போயிரும்.”

சாமித்துரை அவள் முகத்தைப் பார்த்தான். மூன்று வாரமாக அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான். காலையில் கேட்ட இஞ்சின் சத்தம் வேறு இன்னும் காதில் இருந்தது.

“தாராளமா உக்காருங்க மதினி. மெதுவாப் போகச் சொல்லுங்க. ஒண்ணும் செய்யாது” என்றான்.

மூன்றாம் நாள் காலை, கடம்பூர் ரோட்டில் ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம் இஞ்சின் இறுகியது. சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. வண்டி சறுக்கி விழுந்தபோது செண்பகராஜுக்கு முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த பாலம்மாள் தலை பாலத்துக் கட்டைச் சுவரில் அடித்தது. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து, நாலாம் நாள் விடியலில் போய்விட்டாள்.

சேதி கேட்டு சாமித்துரை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தாவில் பாலம்மாளின் அண்ணன் தம்பி ரெண்டு பேர் நின்றார்கள். இசக்கிசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சாமித்துரையைக் கண்டதும் செண்பகராஜ் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்.

“இந்தா நிக்கான்லா, இவன் சொன்னான். டபுள்ஸ் போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான்தான் கேக்கல. நான்தான் கொண்டுபோயிக் கொன்னுட்டேன்!”

எல்லோரும் சாமித்துரையைப் பார்த்தார்கள். அவன் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான். மகள் மெல்லத் தலையைத் திருப்பித் தகப்பனைப் பார்த்த பார்வையையும் அவன் பார்த்தான்.

குறுக்கே ஆடு வந்தது என்று செண்பகராஜ் போலீசில் எழுதிக் கொடுத்தார். பிணம் எடுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு இசக்கிசெல்வி, “இனி என் வாசல்ல வந்து நிக்காதீங்க” என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு கடம்பூருக்கு பஸ் ஏறினாள். தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீட்டுக்கு வரவில்லை. தை மாசம் ஆம்பளைப் பிள்ளை பிறந்த சேதி கடம்பூரில் போளி வாங்கப் போய் வந்த யாரோ சொல்லித்தான் செண்பகராஜுக்குத் தெரிந்தது.

பாலம்மாள் இறந்த பதினேழாம் நாள் மதுரையிலிருந்து பார்சல் வந்தது. எண்ணெய்க் காகிதம் சுற்றிய புதுப் பிஸ்டன், எருமைக்கென்றே செய்தது. சாமித்துரை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே சுருட்டி, பழைய டயர்களுக்கு அடியில் தள்ளினான்.

வீட்டில் அவன் மனைவி வேலுத்தாய், “ஏன் சோத்தப் பிசைஞ்சிக்கிட்டே இருக்கீங்க? மேலுக்கு முடியலயா?” என்று தினம் கேட்டாள். துவையலைக் கண்டால் எழுந்துவிடுகிறான் என்று கவனித்து அரைப்பதை விட்டாள். காரணத்தை அவன் அவளிடமும் சொல்லவில்லை.

மாசியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். செண்பகராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட்டுவிட்டார்களாம். மூன்று மாச வெயிலிலும் பனியிலும் கிடந்து டேங்க் வெளுத்திருந்தது. ஆளும் பாதியாகிப் போயிருந்தார். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அதே மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

“இதச் சரிபண்ணிக் குடு” என்றார்.

“அண்ணாச்சி, இது வேண்டாம்.”

“பெறகு எத ஓட்ட? கிடாய்க்கு விலை ஏறிக் கிடக்கு. நான் திங்காண்டாமா?”

“வேற வண்டி பாத்துத் தாரேன். இதத் தொட எனக்குக் கை வராது.”

“உன்னைய விட்டா இத யாரு தொடுவா? வேற பட்டறைல கேட்டேன். அவிய எடைக்குப் போடச் சொல்லுதாக.”

சாமித்துரை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். வேப்பமரத்தடியைப் பார்த்தான். பிறகு செண்பகராஜின் முன்னால் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க பெட்ரோல் வாங்கப் போனீங்கள்லா. அப்ப மதினி என்ட்ட கேட்டாக. பின்னால உக்காந்து போகலாமான்னு. நான் தாராளமா உக்காருங்கன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரில நீங்க உங்களையே பேசிக்கிட்டு நின்னப்ப, நான் பேசாம நின்னேன்.”

செண்பகராஜ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி ஏற்றிப் போகும் மாட்டுவண்டி ஒன்று போய் மறைந்தது.

“தெரியும்” என்றார்.

“அண்ணாச்சி?”

“அவ சொல்லித்தான ஏறினா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ‘சாமித்துரைட்டக் கேட்டுட்டேன், அவன் சரின்னுட்டான்’னு சொல்லிட்டு ஏறிக்கிட்டா.”

“பெறகு ஏன் ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னீங்க?”

“எம் மச்சினமாரு ரெண்டு பேரும் அங்கன நின்னானுவ. ஒருத்தன் எல்லாத்துக்கும் அருவாளத் தூக்குதவன். உன் மூஞ்சியப் பாத்தேன். நீயும் பிள்ளகுட்டிக்காரன். உன்னைய எதுக்கு மாட்டிவிடணும்னுதான் அப்படிச் சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “அதுமட்டும் இல்லடா. பாலத்துக்கு முன்னாலயே சத்தம் மாறிருச்சு. இறுகுத சத்தம். பதினாறு வருஷம் ஓட்டுனவன், எனக்குக் கேக்காமலா இருக்கும்? கிளச்சப் பிடிச்சு ஓரங்கட்டிருக்கணும். இன்னும் ஒன்றரை மைலுதான, போயிச் சேந்துருவோம்னு நெனச்சேன். பின்னால அவ எள்ளுருண்டச் சட்டிய மடில வச்சுக்கிட்டு பேசிக்கிட்டே வாரா. நிப்பாட்ட மனசு வரல.”

சாமித்துரை முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கையிலிருந்த கிரீஸ் கன்னமெல்லாம் ஒட்டியது.

“பாப்பாட்ட இதச் சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. பேரப்பிள்ளையக்கூடப் பாக்காம இருக்கீங்க.”

“சொன்னா அவ அம்ம வந்துருவாளா? நீயும் போயிச் சொல்லாத. வண்டியப் பாரு.”

அன்றைக்கே சாமித்துரை டயர்களை விலக்கிப் பார்சலை எடுத்தான். இஞ்சினைப் பிரித்தான். சிலிண்டருக்குள் புது உறை இறக்கி, வந்த பிஸ்டனின் அளவுக்குத் துல்லியமாகக் கடைவதற்காக அதை மதுரைக்கே தூக்கிக்கொண்டு போனான். ஒட்டிக்கொண்டு உருகிப்போயிருந்த பழைய பிஸ்டனை வெளியே தட்டி எடுக்கவே முதலில் அரை நாள் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது செண்பகராஜிடம் சாவியைக் கொடுக்கவில்லை.

“ஐந்நூறு கிலோமீட்டரையும் நானே ஓட்டித் தாரேன். அது வரைக்கும் நீங்க ஏறக் கூடாது” என்றான்.

தினமும் காலையில் பட்டறை திறக்குமுன் கிளம்புவான். ஒருநாள் எட்டயபுரம், ஒருநாள் கழுகுமலை, ஒருநாள் ஓட்டப்பிடாரம். மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நாற்பதைத் தாண்டாமல், கிளச்சில் ரெண்டு விரலை வைத்தபடியே, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போவான். வேலுத்தாய் ஒருநாள், “நானும் வரவா?” என்று கேட்டதற்கு அவளை அப்படி அதட்டினான், அவள் பயந்துபோனாள்.

பத்தாம் நாள் வண்டியைக் கடம்பூர் ரோட்டில் விட்டான். பாலத்தில் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

இசக்கிசெல்வியின் வீடு ஊருக்கு மேற்கே, தெருவின் கடைசியில். தெருவுக்குள் வண்டி நுழைந்த சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து அவள் ஓடிவந்தாள். தோளில் பிள்ளை, நனைந்த கையில் சோப்பு நுரை. “அய்யா…” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அப்புறம்தான் ஆளைப் பார்த்தாள். முகம் அப்படியே இறங்கிப்போயிற்று.

“நீங்களா சித்தப்பா” என்றாள். “உள்ள வாங்க.”

“இல்ல பாப்பா. இங்கனயே நிக்கேன்.”

நின்றவாறே சொன்னான். வார்த்தை மாறாமல், அவள் அம்மா கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னான். அவள் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

“அய்யா சொல்லிவிட்டாகளா?”

“சத்தியமா இல்ல. சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாக.”

“பழியத் தூக்கி உங்க தலைல போட்டுட்டு இங்க வரலாம்னு பாக்காகளா? அதுக்கு நீங்களும் ஒத்துக்கிட்டீங்களா?”

“பாப்பா, நான் எதுக்கு இல்லாதத இழுத்துப் போட்டுக்கிடணும்? பஸ்ல ரெண்டு மாறணும், போயிச் சேருததுக்குள்ள உசுரே போயிரும்னு சொன்னாக. எள்ளுருண்ட இடிச்சு வச்சிருக்கேன்னாக. அதக் கேட்டுட்டு நான் எப்படி வேண்டாம்னு சொல்ல? சொல்லிருக்கணும். சொல்லல.”

இசக்கிசெல்வி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் விரல்கள் அவள் தாலிச்சரட்டில் மாட்டிக்கொண்டன. அவள் விலக்கவில்லை.

“நான்தான் கேட்டேன்” என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. “கடைல வாங்கிக்கிடுன்னு இங்க அத்தை சொன்னாக. எங்கம்மா இடிச்சாத்தான் நல்லாருக்கும்னு நான்தான் போன் பண்ணுனேன்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல அழுதாள். அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வேற என்ன சொன்னா எங்கம்மா? அன்னைக்கு?”

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். மூன்று வாரமாகப் பாலம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து பேசியதெல்லாம் சொன்னான். பேரப்பிள்ளை வந்தால் காது குத்துக்கு நல்ல வெள்ளாட்டுக் கிடாயாக ஒன்று ஒதுக்கி வைக்கச் சொல்லிப் புருஷனிடம் சண்டை போட்டதைச் சொன்னான். பெண்பிள்ளையாக இருந்தாலும் அதே கிடாதான் என்றதைச் சொன்னான். அவள் ஒன்றிரண்டைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பச் சொன்னான்.

சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் ஆனபோது அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் மாறியிருந்தது.

“ஆஸ்பத்திரில நான் அங்கனதான உக்காந்திருந்தேன். உங்களத்தான பாத்துக்கிட்டிருந்தேன். அய்யா தலைல அடிச்சுக்கிட்டு அழுதாக. நீங்க செவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னீங்க.”

“ஆமா பாப்பா.”

“மூணு மாசம் எங்கய்யாவ நான் நாய் மாதிரி வெரட்டிருக்கேன்.”

அவள் பிள்ளையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

“நீங்க இனிமே இங்க வராதீங்க சித்தப்பா” என்றாள். “அய்யாவ வரச் சொல்லுங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். சாமித்துரை வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய் அங்கே வைத்து உதைத்தான். முதல் உதையில் பிடித்தது.

நல்லமுத்தன்பட்டிக்கு அவன் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. செண்பகராஜ் வாசலில் அடுப்புக் கூட்டி உலை வைத்துக்கொண்டிருந்தார். சாமித்துரை வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

“ஐந்நூறு ஆயிருச்சா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு. பரவால்ல. கடம்பூர் போயிட்டு வந்தீங்கன்னா சரியாப் போகும். மெதுவாப் போங்க.”

செண்பகராஜ் ஊதுகுழலைக் கீழே வைத்தார். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். உங்கள வரச் சொல்லுதா. பிள்ள அப்படியே மதினி ஜாடை அண்ணாச்சி. மூக்கு, நெத்தி எல்லாம்.”

அவர் எழுந்தார். எழுந்தவர் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டுக்குள் போனார், திரும்பி வந்தார், கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்தார். போட்டுக்கொண்டு பொத்தானை மாட்டினார். மூன்றாவது பொத்தானில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“உன்னைய என்ன சொன்னா?”

உலையில் தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பில் விழுந்தது. சாமித்துரை குனிந்து விறகை வெளியே இழுத்தான்.

“சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னா அண்ணாச்சி” என்றான். “நான்தான் வேலை கெடக்குன்னு வந்துட்டேன்.”